சிவப்பு நூல் கட்டிய கொடி

கேட்டில் படர்ந்திருந்த கொடியில் ஒரு தண்டை வெட்டிவிட்டு மூத்த மகன் மறுபடி அரிவாளை ஓங்கியபோது, தம்பியின் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"என்னம்மா இது? கேட்டை முழுசாத் திறந்தாதான் அமரர் ஊர்தி உள்ள வரும். ஒரு கோவைக்கொடிக்காக அம்மாவக் காக்க வைக்கறதா?"

"அது கோவை இல்ல மாமா. வேலிப்பருத்தி."

"எதுவா இருந்தா என்ன? களைதானே?"

கல்யாணமான புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்தாள். வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தாள். தையல்காரியான மாமியார் எட்டு நாள் பேசவில்லை. ஒன்பதாம் நாள், மிச்சமிருந்த வேரிலிருந்து துளிர் வந்ததும் அவளைக் கூப்பிட்டு ஓர் இலையைக் கிள்ளினாள். பால் வடிந்தது.

"கோவைக்குப் பிடிச்சு ஏறச் சுருள் இருக்கும், பால் இருக்காது. இதுல இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா வரும், கிள்ளினா பால் வரும். இதுல வர்ற வரிப்புழுவுக்கு இதை விட்டா இங்க வேற சோறு கிடையாது. பால் உடம்புல ஏறிட்டா, பட்டாம்பூச்சியானாலும் பறவை வாய் வைக்காது. அவ்வளவு கசப்பு. என்னை மாதிரின்னு வச்சுக்கோயேன்."

அன்றே பால் வரும் தண்டுகளில் சிவப்புத் தையல் நூலைக் கட்டிவிட்டாள். மருமகளின் கண்ணைக் கடைசிவரை அவள் நம்பவில்லை. போன வாரம் படுக்கையிலிருந்து எழுந்து வந்துகூட ஒரு முடிச்சுப் போட்டாள்.

"பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் மூத்தவர்.

"சொல்லட்டும். தெருவுக்கு இருபது அடி. பெத்தவளை அவ்வளவு தூரம் தூக்க முடியாதா? இடுப்பு வலின்னா தள்ளுங்க, நான் பிடிக்கறேன்."

அவள் கணவன் தொண்டையைச் செருமினான். "தூக்கிடலாம்ணா." அண்ணனை அவன் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னபடியே தலைமாட்டில் பிடித்தாள். ஸ்ட்ரெச்சர் கனக்கவே இல்லை. வீட்டையே ஆட்டிவைத்தவள் இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பாதி திறந்த கேட்டின் இடைவெளியில் தங்கள் உடம்பைச் சாய்த்து, கொடியில் உரசாமல் வெளியே வந்தார்கள்.

"ஏறும்மா, நேரமாச்சு" என்றார் வண்டிக்காரர்.

"ஒரு நிமிஷம்."

வெட்டுப்பட்ட தண்டு தரையில் கிடந்தது. அதிலிருந்த புழு இன்னும் தின்றுகொண்டிருந்தது. அதை இலையோடு எடுத்துக் கொடியில் விட்டாள். தண்டிலிருந்த சிவப்பு நூலை அவிழ்த்துக்கொண்டு, பக்கத்திலிருந்த இளந்தண்டில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள்.

பால் வந்த பிறகுதான் கட்டினாள்.