சுவிட்ச் இல்லாத லைட்

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு முன்பே என் அப்பா திருடன் ஆகிவிட்டார்.

ஆக்கியவர் பொங்கியண்ணன். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பும் தேங்காய்க் களமும் ஒரு லாரியும் வைத்திருப்பவர். அந்த லாரியை ஓட்டுகிறவர் என் அப்பா சென்னியப்பன். தாராபுரத்துக்குத் தேங்காய் ஏற்றி நின்ற வண்டி, சாவியைத் திருப்பினால் ஒரு முனகலோடு அடங்கிவிட்டது. பேட்டரிக் கடை ரசாக்கை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். லாரிக்கு இரண்டு பேட்டரி. ஒன்று உயிரோடு இருந்தது, ஒன்று செத்திருந்தது. இரண்டும் தைப்பொங்கலுக்கு ஒரே நாளில் வாங்கியவை. பொங்கியண்ணனுக்கு அது போதும். புதுசை விற்றுத் தின்றுவிட்டுப் பழசை மாட்டிவிட்டான் என்று களத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். மத்தியானத்துக்குள் பேட்டரி திரும்பி வராவிட்டால் ஸ்டேஷனுக்குப் போவேன் என்றும் சொன்னார்.

அப்பா வீட்டுக்கு வந்து காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"நானில்லீங்க பண்ணாடின்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அதுக்கு மேல என்ன கண்ணு சொல்றது?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. தடாகம் ரோட்டுக் காலேஜில் எலெக்ட்ரிக்கல் முடித்துவிட்டு, கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் டெஸ்டிங் பார்க்கிறேன். எங்கள் தெருவில் முதல் டிகிரி நான்தான். செத்த மோட்டாரைப் பார்த்தால் யார் திருடினார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. எதனால் செத்தது என்று கேட்போம்.

"வண்டியில புதுசா ஏதாச்சும் மாட்டுனாங்களா?"

"ஒண்ணுமில்ல. அம்மன் லைட்டு மட்டுந்தான்."

ஆனைமலைக்குப் போய்வந்த பொங்கியண்ணன் மாசாணியம்மன் படத்தைக் கண்ணாடிக்கு மேலே மாட்டி, சுற்றிலும் சீரியல் பல்பு போட்டிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

"வண்டி நிக்கறப்ப அதை யாரு ஆஃப் பண்றது?"

"ஆஃப் பண்றதா? அதுக்கு சுவிட்சே இல்லையே. அம்மன் வெளிச்சம் அணையப்படாதுன்னு நேரா பேட்டரியில குடுக்கச் சொல்லிப்போட்டாரு. மங்கலா எரியுதுங்கன்னு போன வாரம் சொன்னதுக்கு, அதுகிட்ட உனக்கென்னடா சோலி, கையக் கிய்ய வெச்சுப்போடாதேன்னு வஞ்சாரு."

அப்பாவின் கை படக்கூடாதாம். ஸ்டியரிங் பிடிக்கலாம், கியர் போடலாம், டயர் கழற்றலாம், பத்து டன் தேங்காயை நம்பி ஒப்படைக்கலாம். பல்பைத் தொடக்கூடாது.

"சட்டையைப் போடுங்க" என்றேன். மல்டிமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாங் கண்ணு. நீ வந்தா இன்னும் எகிறுவாரு."

"எகிறட்டும். சட்டையைப் போடுங்கப்பா."

களத்தில் தேங்காய் உரிக்கிறவர்கள் கம்பியில் குத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ரசாக் லாரி நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் கட்டிலில் இருந்து எழவில்லை.

"என்னடா சென்னியா, பேட்டரி வந்துருச்சா? புள்ளையக் கூட்டியாந்துருக்கற?"

இவருக்கு என் அப்பாவைவிட எட்டு வயது குறைவு. கொங்குநாட்டுப் பேச்சில் மரியாதை சொட்டும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் சொட்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

"பேட்டரி எங்கயும் போகலீங்க. உங்க லைட்டுத்தான் தின்னுபோடுச்சு" என்றேன்.

"என்ன லைட்டு?"

"அம்மன் படத்து லைட்டு."

"ஏம்மணி, அம்மனா பேட்டரியத் தின்னா?" என்று அவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அம்மனை வைத்துச் சிரிக்க அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"அம்மன் ஒண்ணும் கேக்கலீங்க. வயர் இழுத்தது நீங்க. வண்டிக்கு இருபத்திநாலு வோல்ட். ரெண்டு பேட்டரியும் சேந்தாத்தான் அது. உங்க பல்பு பன்னெண்டு வோல்ட். அதனால ஒரே பேட்டரியில இருந்து எடுத்திருக்காங்க. ரெண்டு மாட்டுக்கும் ஒரே அளவு தீவனம் வெக்கற மாதிரி, இன்ஜின் ரெண்டுக்கும் ஒரே அளவு சார்ஜ் ஏத்துது. ஒண்ணை மட்டும் பகலும் ராத்திரியும் வேலை வாங்கறீங்க. அது இளைச்சுச் சாகும். இன்னொண்ணு தின்னது செரிக்காமக் கெடும். நம்பிக்கை இல்லீன்னா நல்லா இருக்கற பேட்டரியோட மூடியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க. தண்ணி வத்தியிருக்கும்."

திறக்கும் முன்பே சொன்னேன். வேண்டுமென்றுதான் சொன்னேன்.

ரசாக் டீ கிளாஸை வைத்துவிட்டு வந்து மூடியைத் திருகினார். குனிந்து பார்த்தார்.

"பிளேட்டு தெரியுதுங்க. கொதிச்சு வத்தியிருக்குது."

அடுத்து மீட்டரை எடுத்தேன். அம்மன் லைட் வயரைக் கழற்றச் சொல்லி, நல்ல பேட்டரியில் மீட்டரை வைத்தேன். முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. வயரை ரசாக் மறுபடி அது இருந்த இடத்திலேயே தொட்டார். முள் அசையவில்லை. செத்த பேட்டரியில் வைத்தேன். முள் எட்டில் நின்றது. வயரைத் தொட்டதும் அந்த எட்டும் சரிந்தது. எடுத்தார், ஏறியது. தொட்டார், விழுந்தது.

"நீங்களே வந்து தொட்டுப் பாருங்க" என்றேன்.

பொங்கியண்ணன் கட்டிலை விட்டு எழுந்து வந்தார். தானே வயரைத் தொட்டார். முள் விழுந்தது. இன்னொரு தரம் தொட்டார். பழனாத்தாள் என்கிற உரிக்கும் பொம்பளை பின்னாலிருந்து, "எத்தனை தடவ தொட்டாலும் அதேதானுங்க பண்ணாடி, அதென்ன மாத்தியா காட்டப்போவுது" என்றாள். இப்போது சிரித்தார்கள்.

அவருக்கு முகம் கறுத்தது. "அதெல்லாஞ் சரி. செத்துக் கெடக்கறது நான் வாங்குன பேட்டரிதான்னு யாரு கண்டா? எந்தப் பழசை மாட்டுனானோ!"

நான் ரசாக்கைப் பார்த்தேன். அது கம்பெனிப் பேட்டரி அல்ல. அவர் கடையில் பிளேட் அடுக்கிக் கட்டியது. நம்பர் கிடையாது. ஆனால் தன் சரக்கு தனக்குத் தெரியாமல் ஒருவர் கடை நடத்த முடியாது.

"ஏனுங்ண்ணா, இது உங்க பேட்டரியா இல்லீங்களா?"

ரசாக் மீட்டரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துச் செத்த பேட்டரியின் கிளாம்பைக் கழற்றினார். ஈயக் குமிழை வேட்டி முனையால் துடைத்தார். அடியில் மூன்று புள்ளிகள் குத்தியிருந்தன. நல்ல பேட்டரியிலும் கழற்றிக் காட்டினார். அதே மூன்று புள்ளிகள்.

"மூணு புள்ளி இந்தப் பொங்கலுக்குக் கட்டுனதுக்கு நான் குத்துன குறிங்க. ரெண்டும் என்ர கடையில கட்டுனதுங்க. பொங்கலுக்குக் குடுத்ததேதான்."

"காத்தால ஏன்யா சொல்லலே?" என்று பொங்கியண்ணன் கத்தினார்.

"நீங்க கேக்கலீங்க. என்ரதுன்னு சொல்லியிருந்தா, மூணு மாசத்துல செத்துப்போச்சே, என்னய்யா பேட்டரி கட்டறேன்னு என்னைப் புடிச்சிருப்பீங்க. இப்பத்தான் காரணம் தெரிஞ்சுபோச்சுங்களே."

தன் தலை தப்பும் என்று தெரிந்த பிறகுதான் உண்மை வாயில் வந்தது. என் அப்பா தலை போகும் வரை டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரையும் நான் மன்னிக்கவில்லை.

பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி சரி, ஆனது ஆச்சு. ரசாக்கு, வேற ரெண்டு பேட்டரி போட்டுடு. சென்னியா, வண்டிய எடுடா."

அப்பா நகர்ந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"எடுக்க மாட்டாருங்க."

"என்ன அம்மணி?"

"காத்தால இத்தனை பேர் முன்னால திருடன்னு சொன்னீங்க. இதே ஆளுங்க இங்கதான் நிக்கறாங்க. அவரு திருடலீன்னு இவங்க முன்னாலயே சொல்லுங்க."

அப்பா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது எனக்குப் போதுமான பலம். தேங்காய் தாராபுரம் போயாக வேண்டும்; வேறு டிரைவர் ஞாயிற்றுக்கிழமை கிடைக்க மாட்டான். அது பொங்கியண்ணனுக்கும் தெரியும்.

"சென்னியப்பன் பேட்டரிய மாத்தலே" என்றார் தரையைப் பார்த்து. பிறகு, யாரும் கேட்காமலே, கொஞ்சம் சத்தமாக: "நான் போட்ட லைட்டுதான்."

ரசாக் பேட்டரி மாற்றும் நேரத்தில் நான் அம்மன் லைட்டைச் சரிசெய்தேன். ரசாக் தன் வண்டியில் வைத்திருந்த இன்னொரு பன்னிரண்டு வோல்ட் சீரியல் செட்டை இதோடு அடுத்தடுத்துக் கோத்து, இரண்டு பேட்டரிக்கும் சேர்த்துக் கொடுத்தேன். இனி இரண்டும் ஒன்றுபோல உழைக்கும். நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தேன். எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், டிரைவர் கை எட்டும் இடத்தில் வைத்தேன்.

பொங்கியண்ணன் பார்த்தார். "அதை யாரு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். அம்மனைச் சுற்றி இரண்டு வரிசை பல்பு பளீரென்று எரிந்தது. அவர் சாவியைத் தொடவில்லை. கையை நீட்டி, எல்லோரும் பார்க்க, சுவிட்சைத் தட்டினார். லைட் அணைந்தது.

"ஸ்டார்ட் ஆனதுக்கப்பறம் போட்டுக்கறேனுங்க" என்றார் பொங்கியண்ணனிடம். "நிக்கற வண்டியில எதுக்குங்க?"

சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.