ஒகுடா சானுக்கு ஒரு வாய்

திருச்சியில் சுஷி எங்கே கிடைக்கும் என்று 1981-ஆம் வருஷம் ஒருவன் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினால், அவனுக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். நினைக்கட்டும். பாலக்கரை பாக்கியநாதனுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. அவனிடம் இருந்தது மூன்று நாள். அதற்குள் ஒகுடா சான் வாயில் ஒரு கவளம் சுஷி விழுந்தாக வேண்டும்.

சுஷி என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வினிகர் கலந்த சோற்றைப் பெருவிரல் அளவு உருட்டி, அதன்மேல் ஒரு துண்டு மீனை வைத்துக் கொடுப்பார்கள். மீன் பச்சையாக இருக்கும். வேகவைப்பதில்லை, வறுப்பதில்லை. ஜப்பானில் அதற்கென்றே தெருவுக்குத் தெரு கடை உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பாக்கியநாதனை அவன் வேலை பார்த்த ஃபாக்டரி ஆறு மாதப் பயிற்சிக்கு ஒஸாகாவுக்கு அனுப்பியது. அங்கே அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த போர்மேன்தான் ஒகுடா. அவரை எல்லோரும் மரியாதையாக ஒகுடா சான் என்பார்கள். போன புதிதில் பாக்கியநாதனுக்கு எதைத் தொட்டாலும் மீன் வாடை அடித்தது. முட்டையும் ரொட்டியுமாகப் பத்து நாள் ஓட்டினான். பதினோராம் நாள் லேத் மெஷின் முன்னால் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒகுடா அவனைக் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிக் கோபே என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே யார் யாரையோ விசாரித்து, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, ஒரு சிந்திக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டம்மாள் சோறும் பருப்பும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டாள். பாக்கியநாதன் அழுதுகொண்டே சாப்பிட்டான். ஒகுடா ஒரு வாய்கூடத் தொடாமல், முழங்காலில் கை வைத்து, அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஆறு மாதமும் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

கப்பல் ஏறும் நாளில் பாக்கியநாதன் சொன்னான், "நீங்கள் எங்கள் ஊருக்கு வாருங்கள். சுஷி எங்கே இருந்தாலும் நான் தேடித் தருகிறேன்." வாய் இருந்தது, சொல்லிவிட்டான். சுஷியை அவன் நாக்கில்கூட வைத்துப் பார்த்ததில்லை.

இப்போது அவர் மூன்று நாள் தங்கிப்போக வந்திருந்தார். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவர், பார்க்க முப்பது வயது மூத்தவர்போல இருந்தார். வயிற்றில் புற்று. பாதி இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதிக்கும் டாக்டர் கொடுத்த கெடு ஆறு மாதம். ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில், கட்டிலில் உட்கார்ந்து, ரயில் தாமதமாக வரும் என்பதுபோல அதைச் சாதாரணமாகச் சொன்னார். காரம் ஆகாது. எண்ணெய் ஆகாது. ரொட்டி, வாழைப்பழம், இளநீர் அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருந்தது. மெஷின் பொருத்துகிற வேலையாக எந்த ஊருக்குப் போனாலும் முதல் காரியமாகச் சுஷிக் கடையைத் தேடி, எந்த மீன் எப்படி இருந்தது என்று எழுதிவைப்பாராம். சிங்கப்பூர், பாங்காக், லண்டன் எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அன்று காலையில்தான் ஆங்கிலத்தில் திருச்சி என்று எழுதியிருந்தார். கீழே காலி.

"வேறு எதுவும் சாப்பிடத் தோன்றவில்லை" என்றார் ஒகுடா, இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில். "இதை மட்டும் ஒரு வாய் சாப்பிடத் தோன்றுகிறது. நீ சொன்னாயே."

அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார். பாக்கியநாதனுக்கு அது விளையாட்டாக இல்லை.

ஊரில் சைனீஸ் சாப்பாடு என்று போர்டு போட்ட ஹோட்டலுக்கு முதலில் போனான். சமையல்காரர் பிச்சமுத்து துறையூர்க்காரர். வெள்ளைக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சில்லி பிஷ் இருக்குங்க. காரம் வேணாம்னா இல்லாம போட்டுத் தரேன்."

"வேக வைக்கவே கூடாதுங்க."

"வேக வைக்காம?" பிச்சமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம ஹோட்டலுக்குச் சீல் வச்சுட்டுப் போயிடுவாங்க சார். வேற எடம் பாருங்க."

வேறு இடமும் பார்த்தான். ஓர் இடத்தில் சிரித்தார்கள், இன்னோர் இடத்தில் குடித்திருக்கிறானா என்று மூக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்கள். காந்தி மார்க்கெட்டில் மீன் விற்கும் இருசம்மாள் மட்டும்தான் சிரிக்கவில்லை. ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினாள்.

"இது நேத்து கரை ஏறுனது சாமி. கொழம்புக்குத் தங்கம். பச்சையா திங்கணும்னா, படகு வந்து நிக்கிற எடத்துக்குப் போயி நீங்களே வாங்கியாங்க. நோவாளிக்குன்னு வேற சொல்றீங்க. நான் குடுத்து அந்தப் பாவத்த சொமக்க மாட்டேன்."

மறுநாள் ஒகுடா ஸ்ரீரங்கம் பார்க்க வேண்டும் என்றார். கோபுரங்களை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்துவிட்டார். காவிரி நிறையப் போய்க்கொண்டிருந்தது. யாரோ பொரி வீச, மீன்கள் கூட்டமாக வந்து வாயைத் திறந்தன. ஒகுடா குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவற்றை யாரும் சாப்பிட மாட்டார்களா?"

"இங்கே தொட மாட்டார்கள். வேண்டுமென்றால் கொள்ளிடத்துப் பக்கம்..."

"வேண்டாம். ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. கடல் மீன்தான்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த வாழைப்பழத்தில் பாதியை மீனுக்கே போட்டார். சாப்பிட முடியாமல் போடுகிறார் என்று பாக்கியநாதனுக்குத் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நாகப்பட்டினம் போவது என்று முடிவு செய்தான்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். மீன் இருக்கும்."

ஒகுடா நிமிர்ந்தார். முகத்தில் அந்தப் பழைய போர்மேன் எட்டிப்பார்த்தார். "கத்தி கொண்டு வந்திருக்கிறேன். நானே வெட்டுகிறேன். உனக்கும் ஒன்று." சாப்பிட்ட கையோடு அன்றே நாலு மணிக்கு அவருக்கு மெட்ராஸ் பிளேன்.

இதில் பாக்கியநாதன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பச்சை மீன் என்ற வார்த்தையை அவன் வீட்டில் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஜப்பானிலிருந்து திரும்பிய வாரம், அங்கே மீனைப் பச்சையாகத் தின்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அக்கா வியாகுலம்மாள் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள். "நீயும் தின்னியா? மாதா மேல ஆணையாச் சொல்லு" என்று ஒரு நாள் முழுக்கச் சோறு போடாமல் நின்றாள். வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம் செய்த பிறகுதான் தட்டு வந்தது. தெருவில் ஒரு மாதம் அவனுக்குப் பெயரே பூனை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஒஸாகாவில் அவனுக்காக ஊர் ஊராக அலைந்த மனிதரை, தன் வீட்டில் பூனை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தான்.

விருந்தாளி வருகிறார் என்று ஒத்தாசைக்கு அக்கா எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்திருந்தாள். மனைவி லூர்துராணிக்கு ஸ்கூல், லீவு போட முடியாது. இருவரிடமும் "வேளாங்கண்ணி போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் மாதம், மாதா திருவிழா, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா மெழுகுவர்த்திக்குக் காசு கொடுத்தனுப்பினாள்.

நாகப்பட்டினம் கரையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தான். முதல் படகு வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் ஒரு வஞ்சிரத்தை வாங்கினான். அது அப்போதும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. தகரப் பெட்டியில் மரத்தூளும் ஐஸும் போட்டு மீனை நடுவில் கிடத்தி, காவிச் சேலை பக்தர்களோடு பஸ்ஸில் நெருக்கிக்கொண்டு வந்தான். ஐஸ் உருகி ஒருவர் காலில் சொட்ட, அவர் திருச்சிவரை திட்டிக்கொண்டே வந்தார். வழியில் தஞ்சாவூரில் பஸ் நின்றபோது இறங்கி இன்னும் ஐஸ் வாங்கிப் போட்டான். பெட்டியைத் திறந்து பார்த்தபோது மீனின் கண் கண்ணாடியாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பச்சை மீனைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. உடம்பெல்லாம் உப்பும் மீன் நாற்றமும். பெட்டியை அடுக்களையில் வைத்துவிட்டு, "அக்கா, மீன் இருக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வினிகர் வாங்க வேண்டும், சோறு ஆற வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி குளிக்கப் போனான். உப்பு போகச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஷேவ் செய்து, நல்ல சட்டையாகத் தேடிப் போட்டு வர முக்கால்மணி ஆயிற்று.

வீடெல்லாம் புளிக்குழம்பு வாசனை.

"வந்துட்டியா தம்பி? என்னமா மீனு! மாதாவே குடுத்தாப்புல" என்றாள் வியாகுலம்மாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்ததே இல்லை. "கல்லுப்பு போட்டு ஒரசி, புளித்தண்ணில அலசிட்டேன். பாதி கொழம்புல கெடக்கு. மீதிக்கு மஞ்சளும் மொளகாத்தூளும் தடவி வச்சிருக்கேன், அவரு வந்ததும் சூடா வறுத்துப் போடலாம். காரம் கம்மியாத்தான் போட்டேன்."

பாக்கியநாதன் தட்டைப் பார்த்தான். முள்ளோடு வட்ட வட்டமாக வெட்டிய துண்டுகள், மஞ்சளும் சிவப்புமாக.

"ஒரு துண்டாவது... ஒண்ணும் தடவாம இருக்கா அக்கா?"

"எதுக்குப்பா தடவாம வைக்கிறது? நாத்தம் எடுக்காதா?"

அவள்மேல் கோபப்பட முடிந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மீன் வீட்டுக்குள் வந்தால் இந்த ஊர்ப் பெண் எவளும் செய்வதைத்தான் அவள் செய்தாள், அதுவும் ஆசையாகச் செய்தாள். சொல்ல வேண்டியவன் வாயை மூடிக்கொண்டு போய்க் குளித்தான். ஏழு வருஷத்து வெட்கத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரின் கடைசி ஆசையைக் குழம்பில் போட்டாயிற்று. அவனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். தண்ணீரைத் திறந்துவிட்டுத் தேய்த்தான். மிளகாய்த்தூள் போயிற்று. மஞ்சள் போகவில்லை. உப்பு ஏறிச் சதை இறுகியிருந்தது. இன்னும் தேய்த்தான். விரலோடு சதை பிய்ந்து வந்தது.

"பாக்கியா சான்."

வாசலில் ஒகுடா நின்றார். கோட்டு போட்டிருந்தார். அந்த உடம்புக்கு அது இப்போது ரொம்பப் பெரியது. கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய கத்தி. காலையிலிருந்து இளநீர்கூடக் குடிக்கவில்லை, வயிற்றில் இடம் வைத்திருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

பாக்கியநாதன் கையிலிருந்த துண்டை மறைக்கப் பார்த்தான். ஒகுடா கிட்டே வந்து அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். விரலால் அழுத்தினார். முகர்ந்தார்.

"இன்று காலையில் பிடித்ததா?"

"ஆமாம்."

"நீயே போனாயா? கடலுக்கு?"

அவன் தலையாட்டினான்.

"நல்ல மீன்" என்றார் ஒகுடா. "மிக நல்ல மீன்." துண்டைத் திருப்பிக் கொடுத்தார். துணியின் முனை லேசாக அவிழ்ந்திருந்தது. அதைச் சரியாக மடித்து, கத்தியை மறுபடி இறுக்கிச் சுற்றினார்.

வியாகுலம்மாளுக்கு எதுவும் தெரியவில்லை. "உள்ள வரச் சொல்லு தம்பி, வாசல்லயே நிக்கிறாரு பாரு" என்று வாழையிலை போட்டாள். ஒகுடா அவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். அவள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெறும் சோற்றில் இரண்டு வாய் அள்ளி, ரொம்ப நேரம் மென்று விழுங்கினார். குழம்பை அவள் நீட்டியபோது வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டார்.

"ஐயோ, ஒண்ணுமே சாப்பிடலியே" என்றாள் அக்கா.

ஒகுடா அந்தக் கிண்ணத்தை வாங்கிப் பாக்கியநாதனின் இலைப் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு" என்றார். "கோபேயில் சாப்பிட்டதுபோல."

முழங்காலில் இரண்டு கையையும் வைத்து நேராக உட்கார்ந்துகொண்டார். பாக்கியநாதன் மாட்டேன் என்று தலையாட்டினான். அவர் காத்திருந்தார். அக்காவும் கரண்டியோடு காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் ஒரு துண்டைப் பிட்டுச் சோற்றோடு வாயில் வைத்தான்.

விடியற்காலையில் வாலை ஆட்டிய மீன். அவன் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மீன் குழம்பு சாப்பிட்டதில்லை. அவ்வளவு ருசியாக இருந்தது. கண்ணீர் இலையில் விழ விழ அவன் சாப்பிட்டான். காரம் போல, கொஞ்சம் தண்ணி குடுக்கட்டுமா என்று அக்கா கேட்டாள். பசித்த வயிற்றோடு ஒகுடா அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.