கல்லில் விட்ட இடம்

1.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். இந்தக் கதை தொலைபேசியில் வந்தது.

“கல்லுல என்ன பேரும்மா போடணும்?” என்றார் ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கல்லறைக்கல் செதுக்குகிறவர்.

என் அக்கா மகள் நபல்ஜாரி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அக்கா போன கோடையில் இறந்தாள். இந்த மண்ணின் பழங்குடிகளான எங்களில் இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை, எழுதுவதுமில்லை. துக்கம் தீர ஆண்டுகள் ஆகும்.

2.

அக்காவைப் பற்றிய கதைக்கு நான் எழுதி வாசித்துக் காட்டிய முதல் தொடக்கம்: ‘டெய்சி சிரித்தால் ஓடைக்கு அந்தப்பக்கம்…’

“நிறுத்து சின்னம்மா. அது பண்ணை முதலாளி வெச்ச பேரு. அவரோட செத்துப்போன பசுவுக்கு இருந்த பேரு!”

“அது அவ பேரே இல்லங்கறதுனாலதாண்டி சொல்றேன். இதுக்கு எந்தத் தடையும் இல்ல. கல்லுலயும் இதையே போடலாம்.”

“அப்ப கல்லுக்குக் கீழ பசுதான் படுத்திருக்கும்.”

(அடித்துவிட்டேன்.)

“நங்காலான்னு போட்டா?” என்றாள் நபல்ஜாரி.

நங்காலா எங்கள் பிறப்புப் பிரிவின் பெயர். அக்காவுக்கும் எனக்கும் ஒன்றே.

“உசுரோட இருக்கறவளையும் சேத்துப் பொதைக்கிறியா? இன்னும் டீயே குடிச்சு முடிக்கலடி நானு.”

3.

[இந்தப் பகுதி கதைக்குத் தேவையா, தெரியவில்லை. விட மனமில்லை.]

முல்கா மரத்தடியில் தேனெறும்பு தோண்டும்போது அவளை நிஜப் பெயரால் கூப்பிடுவேன். குழிக்குள் தலையை விட்டபடியே, “யுவாயி!” என்பாள்; எங்கள் மொழியில் ‘ஆமாம்’. வாயெல்லாம் தேன். பண்ணையில் முதலாளி தொண்டை வறளக் கத்துவார், டெய்சி, டெய்சி என்று. அசையவே மாட்டாள்.

“காது கேக்கலியா?”

“மாட்டக் கூப்பிடறீங்கன்னு நெனச்சேன், மொதலாளி.”

அன்று நாங்கள் சிரித்த சிரிப்பு… வேண்டாம். அதை எழுதப்போனால் அந்தப் பெயரும் கூடவே வந்துவிடும்.

4.

முடிவு ஒன்று: நபல்ஜாரி சம்மதிக்கிறாள், கல்லில் அந்தப் பசுவின் பெயர் – இல்லை, இது வேண்டாம்.

முடிவு இரண்டு: துக்கம் தீர்ந்தபின் நிஜப் பெயரைச் செதுக்குகிறார்கள். அதைப் பார்க்க நான் இருப்பேனா என்று…

நடந்தது இதுதான். நபல்ஜாரி போனில் சொன்னாள்: “பேரு வேணாம். இடத்த மட்டும் விட்டுடுங்க.”

“காலியா விட்டா யாராச்சும் எதையாச்சும் எழுதி வெச்சிடுவாங்கம்மா.”

“அது எங்களுக்குத் தெரியாதா? இந்தத் தடவ நாங்க பாத்துக்கறோம்.”

நானும் தொடக்கத்தைத் திருத்திவிட்டேன்:

‘____ சிரித்தால் ஓடைக்கு அந்தப்பக்கம் நிற்கும் குதிரைகள் திரும்பிப் பார்க்கும்.’

முடிவை உங்களிடம் விடுகிறேன். கையில் பென்சில் இருந்தால் மட்டும், தயவுசெய்து, கீழே வைத்துவிடுங்கள்.