ஆறு முழுக்கத் தலைகள்

1

இந்தக் கதை என்னுடையதில்லை, கேட்டு வாங்கியது. தாய்லாந்தின் சியாங் மாய் சந்தையில் என் துணிக்கடைக்கு எதிரே ஒட்டரிசிச் சோறு விற்கிற புவாகம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் சொன்னாள். முதலில் இப்படித் தொடங்கினேன்:

“ஆற்றங்கரை ஹோட்டலின் உள்ளறையில் இரு நாட்டு அதிகாரிகளும் வர்த்தக ஒப்பந்தத்தின் மருந்துப் பகுதியைப் பிரித்து...”

அடித்துவிட்டேன். அந்த அறைக்குள் நடந்தது எனக்குத் தெரியாது. நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியாதாம். கதைக்காரன் எந்தச் சுவரையும் தாண்டுவான் என்பார்கள். நான் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன். ஆகவே, வெளியிலிருந்து.

2

ஜனவரிக் குளிர். ஹோட்டல் சாலையைப் போலீஸ் மறித்திருந்தது. எதிர்க்கரையில் ஒப்பந்தம் வேண்டாமென்று திரண்ட கூட்டம், அதில் புவாகமும். புவாகத்தின் கணவன் எய்ட்ஸில் போனவன். அதே கிருமி அவள் உடம்பிலும் இருந்தது. அரசாங்க ஆலையின் மலிவு மாத்திரையால்தான் உயிர் ஓடியது. ஒப்பந்தம் கையெழுத்தானால் புது மருந்துகளை இங்கே செய்ய முடியாது, வெளிநாட்டுக் கம்பெனி சொன்னதுதான் விலை என்று பேச்சு. மெய்யா பொய்யா? ஒப்பந்தத்தை யாரும் கண்ணில் காட்டவில்லை.

“நீந்திப் போய்க் கேட்டுட்டு வரேன்” என்றாள் புவாகம்.

“பைத்தியமாடி உனக்கு? நோய்ல சாகாம சளியில சாகப் போறியா?” என்று கத்தினாள் சொம்பித். அவளும் அதே மாத்திரையில் வாழ்கிறவள்தான்.

“செத்தா என் சோத்துக்கூடைய நீ வச்சுக்க.”

குதித்துவிட்டாள்.

(இங்கே ஆற்றைப் பற்றி ஒரு பத்தி வர்ணனை இருந்தது. “தண்ணி நாறுச்சுண்ணே, அவ்ளோதான்” என்று அவள் சொன்னதும் எடுத்துவிட்டேன்.)

3

அக்கரையில் ஒரு போலீஸ்காரன் கை நீட்டினான். “மெதுவாக்கா, பாசி வழுக்கும்.” பிடிக்க வந்தவன், தூக்கிவிட்டான்.

ஹோட்டல் தாழ்வாரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். தாய்லாந்து அதிகாரிதான்.

“உள்ள எங்க மருந்தைப் பத்தி என்ன பேசுறீங்க?”

“சொல்லக் கூடாதும்மா.”

“என் உசுருங்க அது.”

அவர் குரல் தணிந்தது. “எனக்கு என் பகுதி மட்டுந்தான் தெரியும். முழுசா நானே பார்த்ததில்ல.”

இந்த ஆளை நான் நம்பவில்லை. கதைக்கு ரொம்ப வாகாக இருக்கிறார். வெட்டினேன். “வெட்டாதீங்கண்ணே, அழற மாதிரி நின்னாரு” என்றாள். மறுபடி சேர்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். அவளும் திரும்பினாள்.

ஆறு முழுக்கத் தலைகள். தனியாகத்தான் வந்தோம் என்று நினைத்திருந்தாள். பின்னாலேயே நோயாளிகள், உழவர்கள், மூங்கிலைப் பிடித்தபடி, ஒருவர் சட்டையை ஒருவர் பற்றியபடி. அவர்களுக்குப் பின்னால் எதிர்க்கரையில் மண்ணே தெரியவில்லை. கூட்டத்துக்குள் நின்றவரை அவள் பக்கத்துத் தோள்களைத்தான் கண்டிருந்தாள். ஹோட்டல் பக்கமிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

“நாங்க இவ்ளோ பேரான்னு...” என்று இழுத்தாள். பிறகு சிரித்தாள். “சொம்பித்துக்கு நீச்சலே தெரியாதுண்ணே. லாரி டியூப்ல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டே வந்தா.”

4

அந்த முறை ஒப்பந்தப் பேச்சு முறிந்தது. கார்கள் பின்வழியாகப் போயின. அதோடு முடித்துவிடலாம். ஆனால் அதற்குமுன் அந்த அதிகாரி, அந்த ஆற்றைப் பார்த்த கண்ணோடு உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன சொன்னார்? “ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள்” என்று ஒரு முடிவு எழுதினேன். “ஒருமுறை வெளியே வந்து பாருங்கள்” என்று இன்னொன்று. இரண்டும் என் குரல், அவருடையதில்லை.

உள்ளே போய் அவர் சொன்னது: [                    ]

நீங்கள் எழுதுங்கள். யாருடைய அனுமதியும் வேண்டாம்.