பெக்கோ தள்ளிய மண்

எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சைத் தாளைப் பிரதி எடுக்கத்தான் அன்று அந்தக் கடைக்குப் போனேன். அலவத்துகொடைச் சந்திக்குச் சற்று மேலே, மலையைச் செதுக்கிக் கட்டிய கடை. முன்னால் புத்தகங்களும் பேனாக்களும். பின்னால் கொப்பி மெஷின் வைத்த சிறிய அறை. மூன்று நாளாக மழை விடவில்லை. சாரல் உள்ளே அடிக்காமலிருக்க, கடையைப் பார்த்துக்கொள்ளும் சர்மிளா ஷட்டரை இழுத்து இறக்கிவிட்டு, என்னைப் பின்னறைக்கு அழைத்துப் போனாள்.

தாளில் மண் அள்ளும் ஒரு மஞ்சள் இயந்திரத்தின் படம் இருந்தது. பிள்ளைகள் அதன் கீழே பெயர் எழுத வேண்டும்.

"இது பெக்கோதானே டீச்சர்?" என்றாள் சர்மிளா.

"பெக்கோண்டு எழுதினா மார்க்ஸ் இல்ல. அது ஊர்ப் பேச்சு. சரியான சொல்லு பேக்ஹோ."

"ரெண்டும் ஒண்ணுதானே. வாய்தான் கொஞ்சம் கோணிப் போயிருக்கு."

நான் சிரிக்கவில்லை. பதினெட்டு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற எண்ணம் எனக்குள் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும்.

அப்போதுதான் மலை இறங்கியது. லொறி லொறியாகக் கல்லைக் கொட்டியது போன்ற சத்தம். கடையில் மின்சாரம் போய்விட்டது. பாதைப் பக்கமாக வழிந்த மண் ஷட்டரை நெளித்து முன்கடையை நிரப்பி, நடுவாசல் வழியாக எங்கள் முழங்கால் வரை வந்து நின்றது. எங்கள் இருவருடைய தொலைபேசிகளும் முன்மேசையிலேயே புதைந்துவிட்டன. அறைக்கு ஜன்னல் கிடையாது. பக்கச் சுவரின் உச்சியில், காற்றுக்காக விட்டிருந்த இரண்டு துளைகள் வழியாக மட்டும் சாம்பல் நிற வெளிச்சம் வந்தது.

கத்தினோம். வெளியே பாய்ந்த தண்ணீரின் இரைச்சலில் எங்கள் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதினேன். சர்மிளா மாரியம்மனைக் கூப்பிட்டாள். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

"பெக்கோ வந்திருச்சுங்க டீச்சர்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். பயத்தை மறைக்க வகுப்பில் பேசுவதுபோலப் பேசத் தொடங்கினேன். "பேக் எண்டா பின்னுக்கு. ஹோ எண்டா மண்வெட்டி. பின்னுக்கு மண்வெட்டி ஈக்கிறதாலதான் அந்தப் பேர்."

"அப்படி இல்லையாமே. எங்க வீட்டுக்காரரு பதினோரு வருஷமா பெக்கோதான் ஓட்டுறாரு. பின்னாடி இருக்கிறதால இல்ல, மண்ணத் தன் பக்கமா இழுக்கிறதாலதான் அந்தப் பேருன்னு சொல்லுவாரு. நாம மண்வெட்டியால இழுக்கிறோமே, அது மாதிரி. முன்னாடி இருக்கிற வாளிதான் தள்ளும்."

அந்த அறையில் இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எஞ்சின் நெருங்கி வந்தது. நடுவாசலில் கிடந்த மண் மெல்ல உப்பியது; பின் சரிந்து என் தொடையைத் தொட்டது. சர்மிளா பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"டீச்சர், அவன் இழுக்கல. தள்ளுறான்."

எனக்கும் விளங்கியது. மண் சரிந்தால் முதலில் பாதையைத் திறப்பதுதான் இங்கே வழக்கம். ஆஸ்பத்திரி வண்டி போக வேண்டும், சாப்பாடு வர வேண்டும். பாதையில் கிடக்கும் மண்ணை முன்வாளியால் ஓரத்துக்குத் தள்ளுவார்கள். அந்த ஓரத்தில்தான் நாங்கள் இருந்தோம். ஷட்டர் இறங்கிக் கிடந்த கடைக்குள் ஆள் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஒவ்வொரு தள்ளலுக்கும் மண் உள்ளே ஏறியது. மெஷினின் மேல் ஏறி உட்கார்ந்தோம். துளைகளில் ஒன்று அடைபட்டு இருண்டது. மற்றதில் வாயை வைத்துக் கத்தினேன். காப்பாற்ற வந்த எஞ்சினே எங்கள் குரலை விழுங்கிக்கொண்டிருந்தது. அள்ளி வைக்க இடமில்லாவிட்டாலும் மண்ணை அள்ளி அள்ளி ஒதுக்கினோம். சர்மிளாவின் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. "ரெண்டு புள்ளைங்க டீச்சர்," என்று ஒருமுறை சொன்னாள். பிறகு மறுபடியும் மண்ணில் கை வைத்தாள்.

திடீரென்று எஞ்சின் நின்றது. வெளியே தண்ணீரின் இரைச்சலும் தணிந்திருந்தது. பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தது.

நான் துளையை நோக்கி எழுந்தேன். சர்மிளா என் கையைப் பிடித்தாள்.

"பாங்கு சொல்றாங்க டீச்சர். முடியட்டும்."

அந்த நிலையிலும் அவள் அதைத்தான் நினைத்தாள். பாங்கு கேட்டால் கடை ரேடியோவை நிறுத்துகிறவள் அவள். நானோ, விபரம் தெரிந்த நாள் முதல் பாங்கின் இடையே வேறு பேச்சுப் பேசியதில்லை. ஆனால் பாங்கு முடிந்தால் எஞ்சின் திரும்பவும் உறுமும்.

"அல்லாஹ் மன்னிப்பான். இப்பவே கத்து," என்றேன். காலைக் கூட்டத்தில் எண்ணூறு பிள்ளைகளை அடக்கும் குரலை எடுத்தேன். "உள்ளுக்கு ஆள் ஈக்கிது." சர்மிளா அதையே சிங்களத்திலும் சொல்லிக் கத்தினாள்.

சேற்றில் ஓடும் காலடிகள். துளைக்கு வெளியே ஓர் ஆண் குரல் கேட்டது. "ஐயோ, யாரு உள்ள?"

"ரெண்டு பேரு," என்றாள் சர்மிளா. "முன்வாளியால தொட்டுறாதீங்க. வண்டியத் திருப்பிப் பின்கையால இழுங்க. கொஞ்சம் கொஞ்சமா."

"உங்களுக்குப் பெக்கோ ஓட்டத் தெரியுமாம்மா?"

"ஓட்டுறவரக் கட்டிக்கிட்டவ."

வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அதன்பின் எங்களை நோக்கி வந்த மண் எங்களைவிட்டு விலகத் தொடங்கியது. இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. கடைசி நாலடியைத் தொழுகை முடிந்து வந்தவர்களும் பாதையில் நின்றவர்களும் கையாலேயே அள்ளினார்கள். யாரோ ஒருவர் கை நீட்டினார். யார் கை என்று யோசிக்காமல் பற்றிக்கொண்டேன்.

பெக்கோ ஓட்டியவர் பெயர் யுகேஷ், மடவளைப் பக்கம். வண்டிச் சில்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த மண்ணு பூராவும் நான்தாம்மா போட்டேன்," என்றார். "இந்த ஊருல வேலை செய்றப்ப பாங்கு சொன்னா எஞ்சின நிப்பாட்டிருவேன். யாரும் சொல்லிக் குடுக்கல, ஒரு மரியாதைதான். நிப்பாட்டாம இருந்திருந்தா…" சேற்றுக் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"போயி முகத்தக் கழுவுங்கண்ணே," என்றாள் சர்மிளா. "பாத்தா நீங்கதான் உள்ள கெடந்த மாதிரி இருக்கு."

அவர் சிரிக்க முயன்றார். பள்ளிவாசலிலிருந்து பிளேன்ரீ, பால் விடாத தேநீர், வந்தது. முதல் கோப்பையை என்னிடம் தந்தார்கள். அதை யுகேஷிடம் நீட்டினேன்; அவரால் பிடிக்க முடியவில்லை. கோப்பையை அவர் வாயருகே கொண்டுபோய், சூடு ஆறும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.