மாவு மில் இருந்த இடம்

சான் எலிஹியோவில் எந்த வீட்டுக்கும் எண் கிடையாது. எந்தத் தெருவுக்கும் பெயர் கிடையாது. மனாகுவா நகரத்தின் மற்றப் பேட்டைகளைப் போல அங்கும் முகவரி என்பது ஒரு வழிதான்: மாவு மில் இருந்த இடத்திலிருந்து ஒரு தெரு கீழே, அரைத் தெரு ஏரிப்பக்கம், பச்சைக் கதவு. மேலே என்றால் சூரியன் உதிக்கும் பக்கம், கீழே என்றால் அது மறையும் பக்கம். மில் நிலநடுக்கத்தில் இடிந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதனால் யாருக்கும் எந்தச் சிரமமும் இல்லை. அது எங்கே இருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தெயானிராவுக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அவளுடைய மளிகைக் கடையின் பலகையிலேயே 'மாவு மில் இருந்த இடம்' என்று எழுதியிருந்தது. பின்னறையில் அந்தப் பழைய இயந்திரம் நான்கு இரும்புக் கால்களில் நின்று, இப்போது சர்க்கரை மூட்டைகளைச் சுமந்துகொண்டிருந்தது. நிலநடுக்கத்தின்போது அவளுக்கு மூன்று வயது. பேட்டையே பசியில் கிடந்த அந்த வாரங்களில் அவளுடைய தாய் எமெலினா அதில் ஊருக்கெல்லாம் சோளம் அரைத்துக் கொடுத்தாள்.

பேட்டைப் புனிதரின் திருநாளன்று, பழைய இடங்களைச் சுற்றிக் காட்டும் நடை ஒன்றை நடத்துவதென்று பேட்டைக் குழு முடிவு செய்து, பொறுப்பைத் தெயானிராவிடம் ஒப்படைத்தது. நடையின் முடிவில் அவள் கடைச் சுவரில் ஒரு கல் பதிக்கப்படும். 'இங்கே மாவு மில் இருந்தது. எமெலினா ஸாப்பாதா பேட்டையின் பசி தீர்த்தார்.' தாயின் பெயரைத் தாங்கும் அந்த இரண்டாவது வரிக்காகத்தான் அவள் மூன்று வாரங்கள் குறிப்பேட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

எவ்வளவோ கிடைத்தது. இடிந்த சினிமாக் கொட்டகையின் வெள்ளைத் திரைச்சுவர் ஒரு வீட்டின் கோழிக்கூட்டுக்குப் பின்சுவராக நின்றது. பனிக்கட்டித் தொழிற்சாலையின் இரும்புக் கதவில் கால்களைப் பொருத்தி ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளாகக் கட்டிலாக்கிப் படுத்திருந்தது. இவற்றோடு, விளங்காத ஒன்றும் சேர்ந்து வந்தது. வயதானவர்களுக்கு வழி சொன்னால் அவர்கள் இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றார்கள். ஒருவன் காதலியின் பிறந்தநாளுக்கு வயதான பாட்டுக்காரர்களை அனுப்பியிருக்கிறான். அவர்கள் விடியற்காலையில் வேறொருத்தியின் சன்னலடியில் பாடியிருக்கிறார்கள். அவளோ தன் கணவனுக்கு இத்தனை ஆண்டுகள் கழித்துப் புத்தி வந்துவிட்டதென்று மகிழ்ந்து, எல்லோருக்கும் காப்பி கொடுத்திருக்கிறாள். எப்போதும் இரண்டே தெரு, எப்போதும் கீழ்ப்பக்கம்.

இரண்டு தெரு கீழே தோன் எர்னால்தோவின் முடிதிருத்தும் கடை இருந்தது. மரியாதையாக ஆண்களைத் தோன் என்றும் பெண்களைத் தோன்யா என்றும் அழைப்பது அங்கே வழக்கம். மில் தன்னுடைய மனையில்தான் இருந்தது என்று அவர் இருபது ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். பேட்டையும் இருபது ஆண்டுகளாகச் சிரித்துவந்தது. தெயானிரா அவர் கடையைக் கடைசியாக வைத்திருந்தாள்.

"வாங்க, தோன்யா! கடைசியில மில்லு இருந்த இடத்துக்கே வந்துட்டீங்களே!" என்றார் அவர், கத்தியைத் துடைத்தபடி.

"யாரு சொன்னா உங்ககிட்ட?"

"இந்த மனைய எனக்கு வித்தவன் சொன்னான்."

"விக்கிறவன் எதைத்தான் சொல்லமாட்டான், தோன் எர்னால்தோ? ஏரித் தண்ணி இனிக்கும்னுகூடச் சொல்லியிருப்பான்."

நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர் குலுங்கிச் சிரித்தார்.

"ஆடாதீங்க, காது போயிடும். அப்புறம் எம்மேல பழி," என்று அவரை அதட்டிவிட்டு எர்னால்தோ அவளைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார். "பாத்து வாங்க. பழைய சலவைத் திட்டை இடிச்சேன். அடியில இந்த நாலு போல்ட்டு. நித்தம் காலைத் தடுக்குது. நாளைக்கு அறுத்துப் போட்டுடறேன்."

தரையில் நான்கு தடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் மூன்று, ஒரு சதுரத்தின் மூலைகளில் நின்றன. நான்காவது மட்டும் நான்கு விரல் உள்ளே தள்ளி இருந்தது. சர்க்கரை மூட்டைகளுக்குக் கீழே நிற்கும் நான்கு இரும்புக் கால்கள் தெயானிராவுக்கு நினைவுக்கு வந்தன. அவள் அளவுநாடாவை எடுத்தாள்.

"எதுக்கு அளக்குறீங்க?"

"சும்மாதான்."

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். இயந்திரத்தின் ஒரு கால் என்றோ உடைந்து, பற்றவைக்கப்பட்டு, மற்ற மூன்றைவிட நான்கு விரல் உள்ளே வளைந்திருந்தது. பாதத் துளைகளை அளந்தாள். அளவுகள் ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

தோர்தியா என்னும் சோள ரொட்டி தட்டி விற்கும் தோன்யா சீலோவுக்கு எண்பது வயது. அன்று மாலையே தெயானிரா அவளிடம் போனாள்.

"ஆமா, கீழேதான் இருந்துச்சு," என்றாள் சீலோ, மாவிலிருந்து கையை எடுக்காமலே. "கட்டடம் விழுந்துச்சு, மில்லு விழல. உங்கம்மாதான் 'சும்மா கிடக்குற இரும்பு யாருக்கு சோறு போடும்'னு மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு வந்தா. குடை சாயாம இருக்க அவளே மேல ஏறி உக்காந்துக்கிட்டா. ராணி மாதிரி வந்தா, மகளே! அப்புறம் வந்த சனமெல்லாம் இங்கேருந்து எண்ண ஆரம்பிச்சுடுச்சு. நாங்க பழைய ஆளுங்க அங்கேருந்தே எண்ணுறோம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலையே."

அன்றிரவு தெயானிராவுக்கு உறக்கம் வரவில்லை. போல்ட்டுகளின் பொருள் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளை அவை அறுபட்டுவிடும். சீலோவிடம் வேறு யாரும் கேட்கப்போவதில்லை. வாயைத் திறக்காதிருந்தால் போதும், தாயின் பெயர் தன் வாசலில் கல்லில் நிற்கும். விடிந்ததும் அவள் நேராக முடிதிருத்தும் கடைக்குப் போனாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த போல்ட்ட அறுக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் காரணம் கேட்பதற்குள் திரும்பி நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பேட்டையே திரண்டது. கோழிக்கூட்டின் முன் பழைய படங்களின் பெயர்களைச் சொல்லிக் கைதட்டினார்கள். இரும்புக் கட்டிலில் முறைவைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். நடை முடிந்து கடை வாசலுக்கு வந்தபோது சோளமாவில் இறைச்சி பொதிந்து வாழையிலையில் வெந்த நகதமால்களின் ஆவி தெருவையே நிறைத்திருந்தது. கல் துணி போர்த்திக் காத்திருந்தது. பத்து மணிக்கு வரவேண்டிய, மரச்சட்டங்களைத் தட்டி இசைக்கும் மரிம்பாக் குழுவை மட்டும் காணோம். எர்னால்தோ முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தெயானிரா துணியில் கை வைத்தாள், எடுக்கவில்லை.

"இந்தக் கல்லு பொய் சொல்லுது," என்றாள். "மில்லு இங்க இருந்ததில்ல. தோன் எர்னால்தோ கொல்லையில இருந்துச்சு. போல்ட்டு இருக்கு, நானே அளந்தேன். எங்கம்மா அதை வண்டியில இங்க கொண்டுவந்தா. இருபது வருஷமா அவர் சொன்னது நெசம். சிரிச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

எல்லோர் பார்வையும் எர்னால்தோவின்மேல் விழுந்தது. அவர் முகம் வெளிறியது.

"என்ன தோன்யா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றார். "மில்லுலேருந்து ரெண்டு தெரு கீழேன்னு சொல்லித்தான் எனக்கு ஆளே வருது. இனிமே எவன் என்னைக் கண்டுபிடிப்பான்?"

"இவ்வளவு நாளா அதுக்குத்தானய்யா சண்டை போட்டீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"சண்டை போட்டேன். ஜெயிப்பேன்னு யாருக்குத் தெரியும்?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் கீழ்ப்பக்கத்திலிருந்து மரச்சட்டங்களின் ஒலி துள்ளித் துள்ளி வந்தது.

"மரிம்பா!" என்றாள் சீலோ. "குழுத் தலைவன் லிசீமாகோ கிழவன்! சின்ன வயசுல சோளம் தூக்கிட்டு வருவான். நிலநடுக்கத்துக்கு முன்னாடியே பேட்டையை விட்டுப் போயிட்டான். அவங்கிட்ட மில்லு இருந்த இடம்னு சொன்னா அங்கதான் போவான். பாவம், பூட்டுன கடை முன்னால ஒரு மணி நேரமா கேக்க ஆளில்லாம வாசிக்கிறான்!"

குழந்தைகள் முதலில் ஓடினார்கள். பின்னால் நகதமால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பெண்கள் புறப்பட்டார்கள். கல்லைத் தன் கடைக்குச் சுமக்க எர்னால்தோ குனிந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"ரெண்டாவது வரிய அழிச்சிடச் சொல்றேன்," என்றாள் தெயானிரா மெதுவாக. "அம்மா அங்க அரைக்கலையே."

"தொடாதீங்க!" என்று எர்னால்தோ அதட்டினார். "மேல வரியில பொய் இல்ல, கீழ வரியிலயும் பொய் இல்ல. பசி தீத்தாங்களா இல்லையா? அவங்க பேரு எஞ்சுவத்துலயே இருக்கட்டும். நித்தம் நானே துடைக்கிறேன். அந்த முனையப் பிடிங்க, சோப்புத் தண்ணி மாதிரி வழுக்குது."

தெயானிரா மறுமுனையைத் தூக்கினாள். தாய் வண்டியில் ஏறி வந்த அதே தெருவில், எதிர்த்திசையில், இருவரும் பக்கவாட்டாக நடந்தார்கள்.

"அப்ப எங்கடைக்கு வழி எப்படிச் சொல்றது?" என்றார் அவர், பாதி வழியில் மூச்சு வாங்க நின்று.

"மில்லு நடந்து போயி நின்ன இடத்துலேருந்து ரெண்டு தெரு கீழேன்னு சொல்லுங்க."

"நடந்து போயி நின்ன இடம்..." அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. சரி, தூக்குங்க, பாட்டு முடியப் போகுது."