கிரேனிலிருந்து இறங்கியவர்

வேற்று மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த கேள்வித்தாள் அது. நாள்பட்ட குடல் நோயோடு ஒருவர் எப்படிக் காலம் தள்ளுகிறார் என்று அவரையே கேட்டு மதிப்பெண் போடுவார்கள். தமிழில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரே ஆளிடம் இரண்டு வாரம் விட்டு மறுபடி கேட்பார்களாம். நோய் மாறாதவரை பதிலும் மாறக் கூடாது. அந்த நோய் உள்ள என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார். வீட்டில் வாயைத் திறக்காத, என்னை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன், ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்கும் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தார்.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். எங்களுக்கு நாலைந்து தெரு தள்ளி எழும்பும் கட்டடத்தின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை. வயிறு முடுக்கினால் ஏணி ஏணியாக இறங்கியாக வேண்டும். அந்தப் பயத்தில் வேலை நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

'பக்கத்தில் கழிப்பறை இருக்காதோ என்று எவ்வளவு அடிக்கடி பயந்தீர்கள்?' முதல் முறை, 'எப்போதும்' என்றார். எரிச்சல்பட்டீர்களா என்றதற்கும் 'எப்போதும்'. கூடவே, "வேலைய மட்டும் விடச் சொல்லாதீங்கம்மா" என்று கேட்காததற்கும் பதில் சொன்னார்.

இரண்டாம் முறை போனோம். பயம்? 'ஒருபோதும் இல்லை.' எரிச்சல்? 'ஒருபோதும் இல்லை.' வெளியே போவதைத் தவிர்த்தீர்களா?

"யாராவது கூப்பிட்டாத்தானே தவிர்க்க?" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "உடம்பு தேவலையா அண்ணா? மதிப்பெண் எங்கயோ ஏறிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தேவலையாவது ஒண்ணாவது. ரத்தம் அதே மாதிரிதான் போகுது. போன வாரம் கூண்டுலயே ஆயிடுச்சும்மா. இறங்கி வந்து, வேலையே வேணாம்னு சாவியக் குடுத்துட்டு வந்துட்டாரு. இப்ப கக்கூஸ் வாசல்ல கட்டிலப் போட்டுப் படுத்திருக்காரு. இதுல பயம் எங்கேருந்து வரும், நீயே சொல்லு."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "கடைசியா எல்லார்கிட்டயும் ஒண்ணு கேக்கணும். இந்தத் தாள்ல நாங்க கேக்காம விட்டது ஏதாவது இருக்கா அண்ணா?" என்றாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருக்காது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"அங்க மேல இருந்து பாத்தா எங்க வீட்டு மொட்டை மாடி தெரியும். இவ துணி காயப் போடுவா. தனியா நின்னு என்னைத் திட்டிக்கிட்டே போடுவா. கை ஆடுறதுலயே தெரியும். தினமும் அந்த நேரத்துக்குப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதப் பத்தி ஒண்ணும் கேக்கலையேம்மா."

 

வீட்டுக்கு வந்ததும் அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தூரத்தில் கிரேன் சுற்றிக்கொண்டிருந்தது, கூண்டில் வேறு யாரோ. அவர் சட்டையை உதறிக் கொடியில் போட்டேன். திட்ட வாய் வரவில்லை.